வீடில்லாத இரண்டு நிலைவாசல்கள்

கடத்தூரில் கோகிலவாணியின் மர டிப்போவுக்கு முன்னால், ரோட்டோரமாக, இரண்டு நிலைவாசல்கள் கதவோடு நின்றன. சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. ஒன்று கானாவிலிருந்து வந்த தேக்கு, மற்றது ஈக்வடார் தேக்கு. எதிரே அரூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், "வூட்ட மறந்துட்டு வாசல மட்டும் வெச்சுட்டாங்க" என்று சிரித்தார்கள்.

சிரிக்கட்டும் என்றுதான் அவள் வைத்தாள். கணவன் இறந்து டிப்போ கைக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், போர்டிலிருந்த 'பர்மா தேக்கு' என்ற எழுத்தை அழித்தது. பர்மாவில் முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் ஊரில் எந்தத் தேக்கு வந்து இறங்கினாலும் அதற்குப் பர்மா என்றே பேர் சூட்டிவிடுவார்கள். போர்டு மாறியதும் வியாபாரம் படுத்துவிட்டது. தை முடிவதற்குள் நிமிராவிட்டால் டிப்போவை விற்றுவிடுவதென்று குடும்பத்தில் பேசி முடித்தார்கள்.

கொழுந்தன் முருகேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, வாயுள்ள புள்ள பொழைக்கும். பர்மான்னு ஒத்த வார்த்த சொல்லிப்போடுங்களேன்."

"வராத மரத்த வந்துச்சுன்னு எப்படிப்பா சொல்றது?"

தூத்துக்குடியில் இறங்கும் கட்டைகளை அவளே போய்ப் பார்த்து வாங்குவாள். அவள் வாங்கிய கானாக் கட்டை பருமன், கருங்கோடு ஓடிப் பார்க்கவே கம்பீரம். ஆனால் ஒரு லோடு மாதிரி இன்னொரு லோடு இருக்காது. ஈக்வடார்க் கட்டை ஒல்லி, நிறமும் கம்மி. ஆனால் ஒரே சீராக வரும். எது உசத்தி என்று கேட்டவர்களுக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு நிலை செய்து, ஆடி வெயிலில் காயவும் ஐப்பசி மழையில் நனையவும் நிறுத்திவிட்டாள்.

பயம் இல்லாமலில்லை. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கதவு உப்பி மாட்டிக்கொண்டால் போதும், கதை முடிந்தது.

மழை விட்டதும் முதலில் கை வைத்தவர் சென்னப்பன். பொம்மிடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த விவசாயி, வாயைத் திறந்தாலே கேலி. கானாக் கதவைத் தள்ளினார், முனகாமல் திறந்தது. ஈக்வடாரும் அப்படியே. இதில் நுழைந்து அதில் வெளியே வந்து, மறுபடி நுழைந்து, அதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்மா? தலைவாசலுக்குக் கானா போடு. உள்ரூமுக்கெல்லாம் அந்த ஈக்வடாரு" என்றார்.

தையில் அவர் வீட்டில் நிலை வைத்தார்கள். மஞ்சள் குங்குமமிட்டு நிலையைத் தூக்கி நிறுத்தியதும், சம்பந்தி வீட்டுப் பெரியவர் மரத்தைத் தடவிப் பார்த்து, "பர்மாவுங்களா?" என்று கேட்டார். கோகிலவாணி கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். பெருமைக்காக ஆமாம் என்று ஒரு வார்த்தை சென்னப்பன் சொல்லிவிட்டால், அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

சென்னப்பன் மீசையைத் தடவினார். "பர்மாவ இப்ப யாருங்க கேக்கறா? இது கானாவுங்க."

"அது எங்க இருக்குது?"

"கடத்தூர்லதானுங்க, பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. தோ நிக்கறாங்களே, அவங்கள கேளுங்க."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பந்தி முடிவதற்குள் நாலைந்து பேர் மரம் கேட்டு வந்துவிட்டார்கள். டிப்போவை விற்கிற பேச்சு அத்தோடு ஒழிந்தது. கடைசியாகச் சம்பந்திப் பெரியவரும் வந்தார்.

"எங்களுக்கும் கானாவே போட்டுருங்கம்மா."

"அவசரப்படாதீங்க" என்றாள் கோகிலவாணி. "வந்து ரெண்டு கதவையும் தெறந்து பாத்துட்டுச் சொல்லுங்க."