சர்வர் அறையில் குதிரைக் கொழுப்பு

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, டிஸ்க் அடுக்கின் முகப்பில் ஒவ்வொரு துளையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு துளைக்கு ஒரு பஞ்சு. உள்ளே வெள்ளையாகப் போனது மஞ்சளாக, பிசுபிசுவென்று வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த ரைகுலின் விரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு கையுறைகளுக்குள் இருந்தும் கூசின.

ஏப்ரலில், இறைச்சியைத் தொங்கவிட்டிருந்த பால்கனிகளில் பனி உருகியதும், குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரையில் மிஞ்சியதை எங்கே வைப்பது என்ற கவலை சுரங்க மருத்துவமனையில் எல்லோருக்கும் வந்துவிடும். எப்போதும் குளிர்ந்திருப்பது சர்வர் அறைதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ரைகுல் இரண்டு வாரம் விடுப்பில் போனாள். திரும்பி வந்தால், ஏசியின் வாயை மறைத்துக்கொண்டு பதினோரு காஸி தொங்கின. விலா இறைச்சி திணித்த குடல்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயரெழுதிய சீட்டு. கீழே இருந்த எட்டு டிஸ்குகள் மேல் கொழுப்பு சொட்டியிருந்தது. சூடு தாங்காமல் நாலாவது செத்திருந்தது.

ஒன்று செத்தால், அதிலிருந்ததை மற்ற ஏழும் சேர்ந்து புது டிஸ்கில் திரும்ப எழுதிவிடும். எழுதி முடிவதற்குள் இன்னொன்று போனால் பதினாலு வருடத்து நுரையீரல் படங்களும் போச்சு. நகல் வைக்க இன்னொரு பெட்டி கேட்டு மூன்று வருடமாக எழுதுகிறாள், பதில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் நெஞ்சு சுத்தமாக இருந்ததைக் காட்டும் பழைய படம் இல்லையென்றால் சுரங்கத் தொழிலாளிக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் தூசி நோய்ச் சான்று கிடைக்காது. வியாழக்கிழமை சான்றுக் குழு கூடுகிறது. நாற்பத்து மூன்று பேர் காத்திருந்தார்கள்.

சுரங்கத்தில் வேலை செய்த ரைகுலின் அப்பாவுக்கு அந்தச் சான்று கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் எக்ஸ்ரே ஃபிலிம்களை யாரோ வெள்ளி பிரிக்க மூட்டை மூட்டையாக விற்றுத் தின்றுவிட்டார்கள். அவர் இருமி இருமியே போனார். தொலைபேசி நிலையத்தில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்த மகள், ஆங்கிலக் கையேடுகளை அகராதி வைத்து வரிவரியாகப் படித்து இந்த அறைக்கு வந்து சேர்ந்தாள்.

திங்கள் மதியம் புது டிஸ்கைப் போட்டாள். செவ்வாய் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் பதினாலு சதவீதம்தான் எழுதியிருந்தது. டிஸ்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் அமைப்பைத் திறந்தாள். திரும்ப எழுதும் வேலைக்கு அவள் ‘நடுத்தரம்’ என்று வைத்திருந்த முன்னுரிமை ‘குறைவு’ என்றிருந்தது. படங்கள் மெதுவாகத் திறக்கின்றன என்று சொல்லி, எக்ஸ்ரே பிரிவின் தலைவர் மர்லென், விடுப்பில் அவளுக்குப் பதிலாக வந்தவனைக் கொண்டு அதை மாற்ற வைத்திருக்கிறார்.

எல்லோரும் மரியாதையாக ‘ஆகாய்’ என்று அழைக்கும் மர்லென் வாசலிலேயே நின்றார். “இன்னிக்கு ஒருநாள் அப்படியே விட்டுடு, ரைகுல்ஜான். மேலிடத்து ஆளுங்க பார்வையிட வர்றாங்க. படம் சட்டுனு திறக்கணும்.”

“ஆறாவது டிஸ்க்ல நேத்து நாலு இடம் கெட்டிருந்துது, ஆகாய். இன்னிக்குப் பத்தொம்பது. இந்த வேகத்துல இன்னும் அஞ்சு நாளாகும். அது ரெண்டு நாள்கூடத் தாங்காது.”

“எப்பப் பாரு இழவு வீட்டுக்காரி மாதிரியே பேசு.”

“ஆறாவதுக்கு நேர் மேல தொங்கினது உங்க பேரு போட்ட குடல்தான்.”

அவர் சிரித்தார். நல்ல கொழுத்த குதிரை, சொட்டாமல் என்ன செய்யும் என்றார். அவர் பார்க்கப் பார்க்க அவள் முன்னுரிமையை ‘அதிகம்’ என்று மாற்றி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற சோதனைகளை நிறுத்தினாள்.

பகல் முழுக்கத் தொலைபேசி கத்தியது. ஒரு படம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறதாம். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாலை ஏழுக்கு நூறு சதவீதம் ஆயிற்று. உடனே ஆறாவதைக் கழற்றி வேறு போட்டாள். அதுவும் புதன் காலை எழுதி முடிந்தது. பிறகு முன்னுரிமையை ‘நடுத்தரம்’ ஆக்கி, கடவுச்சொல்லையும் மாற்றினாள். நாற்பத்து மூன்று பேரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் சான்றுக் குழுவுக்கென்று ஒரே குறுந்தட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு மர்லெனின் அறைக்குப் போனாள்.

அவர் காஸியைத் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருந்தார். “கொண்டா,” என்று கை நீட்டினார். விரல்களில் கொழுப்பு மின்னியது.

“கையைத் துடைங்க, ஆகாய்.”

கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். அவள் குறுந்தட்டை நீட்டவில்லை. ஸ்பிரிட் பஞ்சை மேஜைமேல் வைத்தாள். அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் குறுந்தட்டைக் கொடுத்தாள்.