பிரித்துத் தைக்காத சீட்

பழைய கார் வியாபாரத்தில் தம்பிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, பிதுக்கி. வண்டியைச் சுற்றி வந்து அவன் கீழுதட்டை ஒரு தரம் பிதுக்கினால் விலை இருபத்தையாயிரம் இறங்கும் என்பது தரகர்களின் கணக்கு. இரண்டு தரம் பிதுக்கினால் விற்பவர் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்காகப் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. பதினேழு வருஷத்தில் அவன் போட்ட விலை தப்பு என்று எவனும் சண்டைக்கு வந்ததில்லை. இதை அவன் சொல்லிக்கொள்ள மாட்டான். அக்காதான் சொல்வாள், கேட்காதவர்களிடமும்.

அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை போடும் கடையில் தையல்காரி. அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் அவளுக்கு எட்டுதான். ஏழு விழுந்தால் முதலாளியே தைத்ததானாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி வேறு எப்படி இருப்பான்?

அவள் வீட்டுக்காரர் வேறு ரகம். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் ஃபைல்களை நகராமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் பத்து லட்சம் கைக்கு வந்த மறுவாரமே அவருக்கு ஜெர்மன் காரின் மேல் காதல் வந்துவிட்டது. லைசென்ஸ் இருபது வருஷமாகப் பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவர் சொந்தமாக நகர்த்திய பெரிய வாகனம் அலுவலகத்தில் சக்கரம் வைத்த நாற்காலி.

தரகர் ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார். பல் டாக்டரம்மா ஒருவர் வெளிநாட்டில் குடியேறப் போகிறார், ஜெர்மன் செடான், எட்டு வருஷம் ஓடியது, கொஞ்சம் அடிபட்ட வண்டி என்பதால் ஒன்பது லட்சத்துக்கே வருகிறது என்றார். வீட்டுக்காரர் பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை காரில் வந்து இறங்குவதாகச் சொல்லியும் விட்டார். பிறகுதான் மனைவியின் தம்பி ஞாபகம் வந்தது.

"மாப்ள, நீ ஒண்ணும் பேச வேண்டாம். உதட்ட மட்டும் ரெண்டு தரம் பிதுக்கு. எட்டரைக்கு இறங்கிடும்."

"வண்டியப் பாக்காம எப்படி அத்தான் பிதுக்கறது?"

"சொந்த அக்கா புருஷனுக்கு ஒரு உதட்ட பிதுக்கக் கூடாதா? என்னமோ உன் கிட்னிய கேட்ட மாதிரி பேசற."

அக்காவும் கூடக் கிளம்பினாள். அந்தப் பத்து லட்சத்தை விட்டால் வீட்டில் மிச்சமிருந்தது வீட்டுக்காரரின் பெருமை ஒன்றுதான், அதை எந்த வங்கியும் டெபாசிட்டாக வாங்காது. நொண்டி வண்டியை வாங்கிவிட்டால் மிச்ச காலம் முழுக்க மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுத்தே தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

டாக்டரம்மா வீட்டு வாசலில் கருநீலத்தில் வண்டி நின்றது. வீட்டுக்காரர் அதை ஒரு தரம் சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் தட்டி, "ம்" என்றார். எதற்குத் தட்டினார் என்பது அவருக்கும் தெரியாது, சக்கரத்துக்கும் தெரியாது.

"எனக்குப் பல்லப் பத்தித்தான் தெரியும்," என்றார் டாக்டரம்மா. "பார்க்கிங்ல தூண்ல உரசிட்டேன், ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிச்சேன், அவ்வளவுதான். இவர் அதை ஆக்ஸிடென்ட் வண்டிங்கறார். நீங்க நியாயமா ஒரு விலை சொல்லுங்க. அதையே வச்சுக்கறேன்."

"நியாயத்துக்குன்னே கூட்டிட்டு வந்திருக்கோம்மா," என்றார் தரகர். வீட்டுக்காரரைப் பார்த்து லேசாகக் கண்ணையும் சிமிட்டினார்.

தம்பி பையைத் திறந்தான். எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று ஆறு கண்ணாடிகளின் மூலையிலும் பொறித்திருந்த வருஷத்தைப் படித்தான். பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவி, மீட்டரில் ஓடியிருந்த தூரத்தோடு ஒப்பிட்டான். பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்று டார்ச் அடித்துத் தேடினான். சர்வீஸ் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் புரட்டினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. உதடு அசையவே இல்லை. வீட்டுக்காரர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி இடப்பக்கப் பின்கதவில் மட்டும் இரண்டு மடங்கு காட்டியது.

"நான்தான் சொன்னேன்ல," என்றார் தரகர்.

"பெயிண்ட் அடிச்சது நிஜம்," என்றான் தம்பி. "உள்ள அடி வாங்கிச்சாங்கறதுதான் கேள்வி. பக்கவாட்டுல பலமா அடி விழுந்தா சீட்டுக்குள்ள இருக்கற ஏர்பேக் காத்துப்பை வெடிச்சு, தையலக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அப்புறம் பையத் தூக்கிப் போட்டுட்டு, சீட்டத் தெச்சு மூடிடுவாங்க."

இடப்பக்கச் சீட்டின் ஓரத்தில் டார்ச்சை அடித்துக் கண்ணைச் சுருக்கினான். அந்த ஓரத்து நூல் மற்ற இடத்தைவிட மெல்லிசாகத் தெரிந்தது. அவன் தயங்கினான்.

தயக்கத்தைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை பரபரத்தது. "நகருடா," என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோலை இரண்டு விரலால் விரித்து, தையல் ஓரமாகவே நகத்தை ஓட்டினாள். பின்னால் வீட்டுக்காரர் இருமினார். இன்னொரு தரம், கொஞ்சம் கருத்தோடு இருமினார். நல்ல தையலுக்கு முன்னால் அவளுக்கு எந்த இருமலும் காதில் விழாது.

"இது பிரிச்சுத் தெச்சது இல்ல," என்றாள். "தோலுல ஊசி இறங்கினா ஓட்டை ஓட்டைதான், துணி மாதிரி மூடிக்காது. ரெண்டாந்தரம் தெச்சிருந்தா பழைய ஓட்டை பக்கத்துல இளிச்சுக்கிட்டு நிக்கும். இங்க ஒரு ஓட்டைகூட அநாதையா இல்ல. நூல் மெலிசா இருக்கறது, பை கிழிச்சுக்கிட்டு வரணும்னு அவங்களே போட்டதா இருக்கும். அந்தப் பக்கச் சீட்டுலயும் இதே நூல்தான், பாரு. கம்பெனியில தெச்ச தையல் அப்படியே இருக்கு. ஆஹா, என்ன கை அது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் பெண்டாட்டி என்பது அவளுக்கு நினைவு வந்தது.

தம்பி பானட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டான். நாலு டயருக்குக் கழித்தான். பெயிண்ட் அடித்த கதவுக்குக் கழித்தான். எட்டு வருஷத்துக்குக் கழித்தான். பெருமைக்கு எதுவும் கூட்டவில்லை.

"பன்னெண்டரை."

தரகருக்கு உடனே ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்த போன் அது. காதில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனவர் திரும்பவில்லை.

"இவங்களுக்கு ஒன்பதுக்குக் குடுக்கறதா இருந்தேனே," என்றார் டாக்டரம்மா. "மூணரை லட்சம் ஜாஸ்தியா சொல்றீங்களே."

"ஜாஸ்தி இல்லம்மா. இதான் விலை. ஒன்பதுதான் கம்மி."

வீட்டுக்காரர் அவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "நீ யாரு பக்கம் மாப்ள?"

"நான் வண்டி பக்கம் அத்தான்."

டாக்டரம்மா சங்கடத்தோடு, பன்னிரண்டரை கொடுக்க முடியுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று, "யோசிச்சுச் சொல்றேன்," என்றார். முப்பத்தொரு வருஷம் ஊராருக்குச் சொல்லி அனுப்பிய வாக்கியம் முதல் தடவையாக அவருக்கே உதவியது.

பஸ்ஸில் அவர் தனி சீட்டில் உட்கார்ந்தார். தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டார். அக்கா தனக்கும் தம்பிக்கும் வாங்கினாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவர் தலையைத் திருப்பினார்.

"அவன்தான் அப்படி. உனக்கென்ன வந்துச்சு? ஒரு நகத்த வச்சு மூணரை லட்சத்தக் கிழிச்சுட்டியே."

"தையலப் பாத்துட்டுப் பொய் சொல்ல வரலீங்க."

"பாக்காம இருந்திருக்கலாம்ல."

"அதுவும் வரல."

பக்கத்தில் தம்பி ஜன்னல் வழியாகப் போகிற வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வீட்டு உறவே போய்விட்டதோ என்ற கவலை முகத்தில் இருந்தது. அக்காவுக்கும் கவலைதான். ஆனால் பத்து லட்சம் பத்திரமாக இருக்கிறது, தம்பியின் பேரும் பத்திரமாக இருக்கிறது. நடுவில் புருஷன் கொஞ்சம் சேதமாகியிருக்கிறார், அதை மெதுவாகத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"அந்த வண்டிக்கு ஒரு ஹெட்லைட் போனா எவ்வளவு ஆகும்?" என்று வீட்டுக்காரர் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார். யாரைக் கேட்டார் என்று சொல்லவில்லை.

"உங்க மூணு மாசப் பென்ஷன், அத்தான்."

அடுத்த நிறுத்தத்தில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. பிறகு அவர் எழுந்து வந்து அவர்களுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏழு லட்சத்துக்குள்ள நியாயமா என்ன கிடைக்கும்?"

"சின்ன வண்டி, ஜப்பான்காரன் வண்டி கிடைக்கும். காலத்துக்கும் ஓடும்."

வீட்டுக்காரர் அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"தூரத்துலேருந்து பாத்தா," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், "கொஞ்சம் ஜெர்மன் மாதிரி தெரியுமா?"