விழுவதற்குக் கால் தேடி வாஷிங்டனுக்கு

அன்று காரில் இருந்தவர்கள்: ஓட்டிய செல்வராஜ், அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர், வங்கியில் கம்ப்யூட்டர் வேலை; பக்கத்தில் என் மகள் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரி நர்ஸ், ஏழு மாதக் கர்ப்பிணி; பின்னால் நான், பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். இருந்திருக்க வேண்டிய மருமகன் அந்தோணி ஊரில் இருந்தார். அவர் விசாவுக்காகத்தான் இந்தப் பயணம்.

1985 மார்ச், செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்குப் புறப்பட்டோம். வாஷிங்டன் சுமார் 225 மைல். ஸ்டெல்லாவுக்குக் கிரீன் கார்டு உண்டு. ஆனால் போன ஆகஸ்டில் ஊரில் வந்து கட்டிய கணவரை அழைக்க வருஷக்கணக்கில் வரிசை. மே மாதம் பிரசவம், ஜூலையில் என் விசா முடிகிறது. அப்புறம் இரவு டியூட்டிக்குப் போகிறவள் கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? வந்து இறங்கியதிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

எங்கள் ஊரில் இப்படி ஒன்று என்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்போம். இங்கும் தொகுதிக்கு வாஷிங்டன் சபையில் ஓர் உறுப்பினர் உண்டென்று செல்வராஜ் வாய்விட்டது தப்பாகப் போயிற்று. என் பையில் ஒரு சால்வையும் ஆறு எலுமிச்சம்பழமும் இருந்தன.

"அவரு எந்தக் கட்சி தம்பி?"

"ப்ரெசிடென்டுக்கு எதிர்க்கட்சி, ஆன்ட்டி."

"போச்சு! எதிர்க்கட்சிக்காரர் சொன்னா ஆபீசர் கேப்பாரா?"

"ஆளுங்கட்சி சொன்னாலும் கேக்க மாட்டாரு. இங்க அப்படித்தான்."

"பெறகு எதுக்குப் போறோம்?"

"நீங்க என்னைத் தூங்க விட்டாத்தானே!"

டெலவேரில் டோல், பால்டிமோர் சுரங்கத்தில் டோல், பெட்ரோல், பார்க்கிங். எல்லாம் சேர்த்து செல்வராஜ் கையிலிருந்து முப்பத்திரண்டு டாலர். நான் பர்ஸைத் திறந்தேன். "காரியம் ஆகட்டும் ஆன்ட்டி, அப்புறம் வாங்கிக்கறேன்," என்றார்.

பத்தரை மணிக்கு உறுப்பினர் அலுவலகம். கைப்பையை இயந்திரத்தில் விட்டார்கள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் சிரித்தார். அவ்வளவுதான், யாரும் தடுக்கவில்லை. கேரன் என்ற உதவியாளர் பெண் உட்கார வைத்துக் காபி கொடுத்து முழுக்கக் கேட்டாள். பிறகு அவள் சொன்னதை ஸ்டெல்லா தமிழில் சொன்னாள்.

ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வைத்தது சட்டம். சட்டத்தை மாற்ற இந்தச் சபையும் செனட்டும் ஒத்துக்கொண்டு, ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். அதை நடத்தும் அதிகாரிகள் ஜனாதிபதிக்குக் கீழே. அவர்களிடம் உறுப்பினர் 'எந்த நிலையில் இருக்கிறது' என்று கேட்கலாம். 'செய்' என்று சொல்ல முடியாது.

"கோர்ட்டுக்குப் போவமா?"

"யாராவது சட்டத்த மீறியிருந்தாத்தான் கோர்ட்டாம். யாரும் மீறலியேம்மா."

"எல்லாருக்கும் மேல ஒருத்தர் இருப்பாருல்லா, அவரு யாருன்னு கேளு."

ஒருவர் கையில் எல்லாம் இருந்துவிடக் கூடாது என்றுதான் ஆரம்பத்திலேயே இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்றாள் கேரன், பெருமையாக.

அப்போது உறுப்பினரே உள்ளே வந்தார். நரைத்த தலை, நல்ல முகம். நான் யோசிக்கவில்லை, அவர் காலைத் தொடக் குனிந்துவிட்டேன். அவரும் சட்டென்று குனிந்தார். முழங்காலை ஊன்றி நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"என்ன விழுந்தது, காதுத் தோடா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

செல்வராஜ் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் முகம் சிவந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டு, மன்னிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். விசாரித்து எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார்: வரிசை நகரவில்லை.

திரும்பும் வழியில் நான்தான் புலம்பினேன். எங்கள் ஊரில் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும். இங்கே யார் மனம் வைத்தும் நடக்கவில்லை.

"கெட்டவன் ஒருத்தன் நெனச்சாலும் நடக்காது ஆன்ட்டி, அதுக்குத்தான்," என்றார் செல்வராஜ்.

சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் மகளுக்குக் கெட்டவர் யாரும் ஒன்றும் செய்யவில்லையே. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

ஜூலையில் விமான நிலையத்தில், இரண்டு மாதப் பேத்தியை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்துவிட்டு, செல்வராஜிடம் பணத்தை நீட்டினேன். "காரியம் ஆகலியே ஆன்ட்டி," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஊருக்கு வந்து ஒரு வருஷமாகிறது. குழந்தை அங்கே இரவில் யாரோ ஒரு அம்மாள் வீட்டில் தூங்குகிறது. அந்தோணி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்கு வந்து அதன் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போகிறார். செல்வராஜுக்கு முப்பத்திரண்டு டாலர் இன்னும் பாக்கி.