சட்டைப் பையில் இருந்த அட்டை

நான்கு வருடங்களுக்கு முன், மாசி மாதக் கடைசியில், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் திருக்கோவிலூர் பக்கம். அந்த வருடம் மட்டும் மலையில் ஓடையை ஒட்டி முக்கால் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, நானும் என் மனைவியும் அங்கேயே ஒரு வீட்டில் தங்கித் தக்காளி நாற்று நட்டிருந்தோம். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற, பம்போடு சேர்ந்த ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் இருந்தது. நாற்று நட்ட மூன்றாம் நாள், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது.

கயிற்றை எவ்வளவு இழுத்தும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால், அதன் நுனியில் பொறி வர வேண்டும். வரவில்லை. வீட்டில் இருந்த புதுப் பிளக்கைப் போட்டேன், அதிலும் இல்லை. பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, உதிரி பாகம் விற்கும் கடையில் சொன்னேன். பொறியை உண்டாக்கும் காயில் போயிருக்கும் என்று சொல்லிப் புதுக் காயில் கொடுத்த கடைக்காரர், கூடவே தன் கடை அட்டை ஒன்றையும் கொடுத்தார். ஒரு பக்கம் கடை முகவரி, மறுபக்கம் வேலோடு முருகன்.

"காயிலுக்கும் சக்கரத்துல இருக்கற காந்தத்துக்கும் நடுவுல இந்தக் கார்டை வெச்சி போல்ட்ட டைட் பண்ணுங்க. அப்புறம் கார்டை உருவிடுங்க. அவ்ளோதான் கேப்பு இருக்கணும்" என்றார்.

நான் முருகனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். அதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். எண்ணெயும் அழுக்குமாக இருக்கிற சக்கரத்தில் சாமி முகத்தை வைத்துத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து காயிலுக்கு விபூதி வைத்துக் கும்பிட்டு, அது வந்த பெட்டியின் மூடியைக் கிழித்து, அந்த அட்டையை நடுவில் கொடுத்து மாட்டினேன். இதுவும் அட்டைதானே என்று நினைத்தேன்.

எஞ்சின் எடுக்கவில்லை. பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பிளக்கை அடுப்பில் சூடு காட்டினேன். எங்கள் ஊர் முருகன் கோயிலுக்கு வருவதாக வேண்டிக்கொண்டு இழுத்தேன். மறுநாள் காலையில் வலது தோள் வீங்கிவிட்டது. என் மனைவி விடிந்ததிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழ் வரிசைகள் நனைவதற்குள் மேட்டு வரிசைகள் தலை தொங்கிவிட்டன. அன்றைக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் நட்டதெல்லாம் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கும்புட்டது போதும். தூக்கினு கீழ போங்க" என்றாள். அப்படிப் பேசுகிறவள் இல்லை அவள்.

எஞ்சினைச் சாக்கில் கட்டி, தெரிந்தவர் வண்டியில் பஸ் நிறுத்தம் வரை வந்து இறங்கினேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, பக்கத்தில் துணி சுற்றிய புல்வெட்டும் மெஷின். என் சாக்கைப் பார்த்தார்.

"எஞ்சினாண்ணா? இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அதான் தூக்கினு போறேன்."

சிரித்துவிட்டு, என்னென்ன மாற்றினேன் என்று கேட்டார். சொன்னேன். கேப்புக்கு எதை வைத்தேன் என்று கேட்டார். பெட்டி அட்டை என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேல் மூடியைக் கழற்றினார்.

"இந்தச் சந்துல எறும்பு குடும்பத்தோட போய் வரும் போலக்குதே. பொறி எப்படிண்ணா வரும்? கடைக் கார்டு எதுனா வெச்சிகினு இருக்கீங்களா?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்தேன், ஆனால் கொடுக்கவில்லை.

"சாமி படம் போட்டிருக்கும்மா."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டார். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவில் செருகினார். போல்ட்டைத் தளர்த்தியதும் காந்தம் காயிலை இழுத்து அட்டையோடு சேர்த்துக் கவ்வியது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"நீங்க போங்க, நான் அடுத்த வண்டில வரேன்" என்று கண்டக்டரிடம் சொன்னார் அந்தப் பெண், தலையைத் தூக்காமல். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

போல்ட்டை முறுக்கி, அட்டையை உருவி, மூடியை மாட்டி, கயிற்றை அவரே இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் ஓடியது. உடனே நிறுத்திவிட்டார். "தண்ணி இல்லாம ஓட்டாதீங்க, பம்பு போயிடும்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். முருகன் மேல் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"மன்னிச்சிக்கங்கண்ணா, அழுக்காயிடுச்சி" என்றார்.

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. எஞ்சினைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன். மதியத்துக்குள் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது. உச்சி வரிசைகள் இரண்டு பிழைக்கவில்லை, மற்றவை தேறிக்கொண்டன.

அந்த அட்டை இப்போது எங்கள் வீட்டுச் சாமி படங்களோடு இருக்கிறது. கோட்டைத் துடைக்கவில்லை. தினமும் அதற்கும் விபூதி வைக்கும்போது, உதவி கேட்டு இரண்டு நாள் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அவர் அனுப்பிய உதவியை நெஞ்சோடு பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான் என்பது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.