கூப்பிடாமல் விட்ட அந்த நிமிடம்

என் கணவர் சபரிமலைக்குப் புறப்பட, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே இருமுடி கட்டினார்கள். கட்டியபின் பயணம் சொல்வதுமில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. வாசலில் தேங்காயை உடைத்துவிட்டு, எங்கள் ஒழுங்கையால் இறங்கி, பெரிய றோட்டான காலி வீதியில் நின்ற எயார்போர்ட் வானை நோக்கி நடந்தார். பாஸ்போர்ட் வானில் குருசாமியிடம் இருந்தது.

நான் உள்ளே வந்தால், அவர் கழற்றிப் போட்ட சேர்ட் பொக்கற்றில் அடையாள அட்டை! யுத்த காலம்; ஒழுங்கை முனையில் ஆமி செக்பொயின்ட், அட்டை இல்லாத தமிழரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வாசலுக்கு ஓடினேன். முதுகு தெரிந்தது. மலைக்குப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாதே என்று, பக்கத்து ஒழுங்கையால் சுற்றி ஓடினேன்.

நான் போய்ச் சேர, அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.

அட்டையைக் காட்டிக் கெஞ்சியும் பின்னேரம்தான் விட்டார்கள். பிளேன் போய்விட்டது. இருமுடியை மடியில் வைத்திருந்தார்.

"கூப்பிட்டால் சகுனப்பிழை எண்டு நினைச்சன், சாமி" என்று அழுதேன்.

"பாதி வழியிலயே அட்டை இல்லை எண்டு தெரிஞ்சது. திரும்பக்கூடாதே. நீர் கூப்பிடுவீர் எண்டுதான் மெல்ல நடந்தனான்" என்றார்.

இப்போதெல்லாம் யார் எதை மறந்து போனாலும், பின்னால் நின்று பலமாகக் கூப்பிடுகிறேன். சாமியே ஆனாலும் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.