சித்தி சிரிக்காத படம்

எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு பனிக்காலத்தில், எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு லண்டன்காரி ஒருத்தி வந்து சேர்ந்தாள். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த தொடர்மாடிக்கு நேர் எதிரே, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கண்ணாடிக் கூட்டின் ஒரு பக்கம் முழுக்க அவள்தான். உடுப்புக்கான விளம்பரமா, வாசனைத் தைலத்துக்கான விளம்பரமா என்பது இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். தலை வாரவில்லை, தோடில்லை, சங்கிலியில்லை, முகத்தில் சிரிப்புமில்லை. கழுத்தெலும்புகள் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. பனி கொட்டுகிற நாட்களில் படத்துக்குப் பின்னால் எரிகிற வெளிச்சத்தில் அவள் நிலத்தில் கால் படாமல் மிதக்கிறாள் என்றே எனக்குத் தோன்றும். அவளைப் பார்த்துக்கொண்டு நின்று இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு அவளைக் கண்டால் மனம் பொறுக்காது. "உதைப் பெத்ததுகள் உதுக்கு ஒரு பிடி சோறு குடுக்கிறேல்லையோ?" என்பார். ஒருநாள் எங்களோடு பஸ்ஸுக்கு நின்ற அன்ரி ஒருவர் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுச் சண்டையிலை தப்பி வந்த பிள்ளையோ, பாவம்" என்று உச்சுக்கொட்டினார். அகதிகளுக்குக் காசு சேர்க்கிற விளம்பரம் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

அவள் யார் என்று எங்கள் வீட்டில் தெரிந்திருந்தது சித்திக்கு மட்டும்தான். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். குளிர்கோட்டுகளுக்கு சிப் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே சாப்பாட்டு மேசையில் கிடக்கிற பழைய சஞ்சிகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வந்து, எனக்கு அந்த லண்டன்காரியின் கதையைச் சொல்வார்.

"பெரிய இடத்துப் பிள்ளையில்லையடி. எங்களைப்போலச் சாதாரண குடும்பம். பள்ளிக்கூடம் போற வயசிலை வழியிலை ஆரோ கண்டுதான் மொடலிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனவையாம். முதல் கனபேர் உவள் உயரம் காணாது எண்டு திருப்பி அனுப்பினவை. இப்ப உவளைப் பாத்துத்தான் உலகம் உடுப்புத் தைக்குது."

உலகம் மட்டுமல்ல. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தலையை நடுவால் பிரித்துக் காதோடு ஒட்டவிட்டிருந்தார்கள். ஒருத்தி புருவத்தை மழித்துவிட்டு வந்து அதிபரின் அறைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டைக் குப்பைக்கூடையில் போடுவது பெரிய நாகரிகமாகிவிட்டது. எனக்குப் புட்டை எறிய மனம் வராததால், கன்னத்தை உள்ளே இழுத்துப் பிடித்துப் பழகுவதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு முன்னால் நான் அப்படி நின்றபோது அம்மா வந்து பல்லுக்கொதியோ, பல் வலிக்குதோ என்று கேட்டார்.

சித்திக்குக் கல்லூரியில் உடை வடிவமைக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டெம்பரில் தொடங்க வேண்டும். அதே நேரத்தில்தான் லண்டனிலிருந்து அந்தச் சம்பந்தமும் வந்தது. பொடியன் நல்ல வேலை, அம்மாவுக்குத் தெரிந்த குடும்பம். அவர்கள் பொம்பிளையின் போட்டோ கேட்டார்கள்.

"ஒரு ரண்டு வருசம் விடுங்கோ அக்கா. நான் படிக்கிறன்."

"அங்கை போய்ப் படியன். லண்டனிலை பள்ளிக்கூடம் இல்லையே? ஆனால் ஒண்டு, தாய்க்காறி கண்டிப்பாம். போனமுறை ஒரு பிள்ளையை நோய் வந்த வருத்தக்காறி மாதிரி மெலிவு, முகத்திலை சிரிப்பில்லை எண்டு போட்டோவிலேயே வேண்டாமெண்டவவாம். நீ வடிவாச் சிரிச்சு எடு."

அம்மா சொன்னதைச் சித்தி நன்றாகக் கேட்டுக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் தமிழ் ஸ்டூடியோ ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே நித்திரையாகிவிட்டார். சுவர் முழுக்க நீர்வீழ்ச்சி வரைந்த திரைச்சீலை. சித்தி அம்மாவின் சிவப்புக் கூறைச்சேலையிலும் அட்டியலிலும் அதற்கு முன்னால் போய் இருந்தார். படம் எடுக்கிற அங்கிள், "சிரியுங்கோ தங்கச்சி" என்று எத்தனை தரம் சொல்லியும் சிரிப்பு வரவில்லை. நான் அங்கிளுக்குப் பின்னால் நின்று கன்னத்தை உள்ளே இழுத்துக் கண்ணைச் செருகிக் காட்டினேன். சித்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அங்கிள் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார்.

"அண்ணை, இன்னுமொண்டு எடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். வெள்ளைச் சட்டை, அவிழ்த்துவிட்ட தலை. பொட்டில்லை, நகையில்லை. நீர்வீழ்ச்சியைச் சுருட்டச் சொல்லிவிட்டு வெறும் சுவரில் சாய்ந்து, எங்கேயோ தூரத்தில் யாரையோ மறந்துவிட்டதுபோலப் பார்த்தார். "செத்த வீட்டுப் படம் மாதிரி வரப்போகுது" என்று அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அந்த அறை எனக்குத் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. பஸ் தரிப்பிடத்துப் பெண் கொஞ்சம் கறுத்து, எங்கள் வீட்டுப் பெண்ணாகி, என் முன்னால் நின்றாள்.

படங்கள் வந்ததும் சித்தி சிரித்த படத்தை அம்மாவிடம் காட்டினார். "உதையே அனுப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனார். கதவு சாத்தியதும் சித்தி அதை மேசையில் வைத்துவிட்டு, சிரிக்காத படத்தைக் கடித உறைக்குள் வைத்தார். பிறகு பசை எடுக்க அறைக்குள் போனார்.

இவ்வளவு அழகான படத்தை, முன்பின் தெரியாத லண்டன் ஆட்களுக்கா கொடுப்பது? அவர்களிடம்தான் அசல் லண்டன்காரியே இருக்கிறாளே. எங்களிடம் இருந்தது இந்த ஒன்று மட்டும்தான். உறைக்குள் இருந்ததை இழுத்தெடுத்துச் சட்டைக்குள் ஒளித்தேன். மேசையில் கிடந்த சிரித்த படத்தை உள்ளே வைத்தேன். சித்தி வந்து, திறந்து பார்க்காமலே பசை பூசி ஒட்டினார். மேசையில் படம் இல்லாததை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர் வேறு எங்கேயோ இருந்தார்.

நாங்கள் இருவரும் தெருவைக் கடந்து சிவப்புத் தபால்பெட்டிக்குப் போனோம். மெல்லிய பனி, காற்றே இல்லை. சித்தி கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மூடியை இன்னொருமுறை திறந்து அது விழுந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் பனியை ஏந்தி என் மூக்கில் பூசிவிட்டுச் சிரித்தார். வழியெல்லாம் கல்லூரியில் முதலாவதாகத் தைக்கப்போகிற கோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு உட்பக்கம்தான் வடிவாக இருக்குமாம், போட்டிருக்கிறவளுக்கு மட்டும் தெரியுமாம். சித்தியை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிறு காலை லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. சித்தி சேலைக்கு அயன் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா "ஓம்... ஓம்..." என்று கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார்.

"பிள்ளையின்ரை சிரிப்புத்தான் தாய்க்காறிக்குப் பிடிச்சுப் போச்சாம்! சித்திரையிலையே நாள் பாக்கச் சொல்லுகினம்!"

அயன்பெட்டி சேலையில் அப்படியே நின்றது. கருகல் மணம் வந்த பிறகுதான் சித்தி அதைத் தூக்கினார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். படத்தைத் திருடியது பிடிபட்டுவிட்டது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கிட்ட வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டார்.

"நீயோ மாத்தினனீ?"

நான் தலையாட்டினேன். சித்தி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தோல் உரிந்திருக்கும். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, சித்திரையில் விமான நிலையத்தில் வைத்தும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் முடியைத் தடவிக்கொண்டு நின்றார். திருட்டுக்கு அடி விழாதது மட்டுமில்லை, நான் ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டேன் போலிருக்கிறது, அதுதான் சித்தி எனக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.