ஜேர்மனிக்குப் போன ஆய்வுக் கசெற்

நான் வாழ்நாளில் எழுதிய ஒரே ஆய்வேடு கிணறுகளைப் பற்றியது. எண்பதுகளின் நடுவில், தீவுப்பகுதிக் கிணறுகளில் எந்த மாதம் எவ்வளவு உப்பு ஏறுகிறது, எந்தக் கிணறு கோடையிலும் குடிக்கத் தருகிறது என்று போத்தலும் கயிறுமாக இரண்டு வருடம் அலைந்தேன். வீடு புளியங்கூடலில். படிப்பித்தது நயினாதீவில். காலையில் பஸ், பிறகு மோட்டார் வள்ளம், பின்னேரம் அதே வழியே திரும்பல். சண்டையால் வள்ளம் ஓடாத நாட்களும் இருந்தன, அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் சைக்கிளில் சுருவில் பக்கம் போவேன். "தண்ணி பாக்கிற ரீச்சர் வாறா" என்று சிரித்தபடியே எனக்காக இன்னொரு வாளி அள்ளித் தந்த பெண்களை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். அவர்களுக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை.

பல்கலைக்கழகத்தில் என் மேற்பார்வையாளர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கிழமைக்கு ஒருமுறை என்ன செய்தேன், என்ன செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று குறித்து வைக்க வேண்டும். முதல் மாதம் கொப்பியில் எழுதினேன். இரண்டாம் மாதம் கொப்பியே எங்கே என்று தெரியவில்லை. பிறகுதான் தம்பி விட்டுப்போன ரேப் ரெக்கோடர் நினைவுக்கு வந்தது. அவன் ஜேர்மனிக்குப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். எழுதும்போது வராத உண்மையெல்லாம் பேசும்போது வந்தது. எழுத்தில் "தாமதம்" என்று ஒரு சொல்லோடு முடித்திருப்பேன். வாயால் சொல்லும்போது ஏன் தாமதம், யாரால் தாமதம் என்று அரைமணி நேரம் போகும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதே ரெக்கோடரில்தான் அம்மா தம்பிக்குக் கடிதம் பேசுவா. அந்த நாளில் வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். கசெற்றில் பேசி, கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்து, அங்கே தபாலில் போடச் சொல்வோம். அந்தக் கசெற்றுகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: வீட்டில் எல்லோரும் நல்ல சுகம். ஆடு குட்டி போட்டதைச் சொல்லலாம். முருங்கை காய்த்ததைச் சொல்லலாம். காய்ச்சல், பயம், குண்டுச் சத்தம் எதுவும் வரக்கூடாது. பிள்ளை அங்கே தனியே இருந்து யோசிக்கும் என்பது காரணம்.

அம்மாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. அரிசியில் கல் பொறுக்குவதை விரலால் செய்தா. ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. அம்மா மாட்டேன் என்றா. மழை முடியட்டும் என்றா, பிறகு பனி முடியட்டும் என்றா. தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டா. கேட்டால் திரும்பி வந்துவிடுவான், வருகிற வழியில் ஆமியிடம் பிடிபடும் பொடியன்களுக்கு என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நான் அதை ரெக்கோடருக்குச் சொன்னேன். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் பேசியது ஏறக்குறைய இதுதான்: மூன்றாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது, சுருவில் கிணற்றில் இரண்டு பாகம் ஆழத்துக்குக் கீழே உப்பு. அம்மாவுக்கு அடுப்பில் நெருப்பு இருப்பதும் தெரியவில்லை, குசினியில் தனியே விட ஏலாது. பள்ளிக்கூடம், அம்மா, ஆய்வு என்று மூன்றையும் பார்க்க என்னால் முடியாது. தம்பி தப்பிப் போய்விட்டான், அகப்பட்டது நான். வருட முடிவுக்குள் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதில்லை. இதோடு விடுகிறேன். இதுதான் கடைசிக் குறிப்பு.

அலுமாரியின் மேல்தட்டில் அம்மாவின் கடிதக் கசெற்றும் இருந்தது. ஒன்றில் "வீடு" என்றும் மற்றதில் "ஆய்வு" என்றும் மையால் எழுதி ஒட்டியிருந்தேன். இரண்டு நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அயலில் ஒருவர் அவசரமாகக் கொழும்புக்குப் போகிறார் என்று கேட்டு அம்மா கசெற்றை எடுத்துக் கொடுத்துவிட்டா. பின்னேரம் வந்து பார்த்தால் தட்டில் "வீடு" இருக்கிறது.

"எதைக் குடுத்தனீங்கள்?"

"மேல் தட்டில இருந்ததைத்தான். நீதானே அங்க வைச்சனீ."

அவ்வளவு பெரிய எழுத்தும் தெரியவில்லை என்பதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆளைப் பிடிக்கலாம் என்று சைக்கிளை எடுத்தேன். பஸ் எப்போதோ போய்விட்டது. சந்தியில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓடிப்போய்ச் சேர்ந்த பிள்ளையிடம் நீ தப்பிப் போனாய் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அடுத்த விமானத்தில் ஏறினால் அதற்கும் நானே காரணம். அம்மாவிடம் விசயத்தைச் சொல்லத் துணிவில்லை. "வீடு" கசெற்றை என் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் படலையைத் திறக்கும்போது தம்பி உள்ளே கதிரையில் இருப்பானோ என்று எட்டிப் பார்ப்பேன். ஆசையா பயமா என்று எனக்கே தெரியாது.

சித்திரையில் கசெற் வந்தது. வழக்கப்படி பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு பேர் கேட்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் நான் தனியே கேட்கிறேன் என்றால் அம்மா விடுவாவா? போடு, போடு என்றா. போட்டேன்.

"அம்மா, உங்கட கண்ணில புரை எண்டு அக்கா சொல்லுறா. அக்கா படிப்பை விடப்போறா எண்டும் சொல்லுறா. ரெண்டையும் ஒரு கசெற்றிலதான் கேட்டனான். ஆரும் பயப்பிடாதேங்கோ, நான் அங்க வரேல்லை. எனக்கு இஞ்ச ஒண்டும் நல்ல சுகமில்லை, அதையும் சொல்லிப்போட்டன். அறையில நாங்கள் ஆறு பேர். எனக்கு நித்திரை வாறேல்லை. அக்கா, நான் தப்பி வந்தனான்தான். அதுக்குக் கோவமில்லை. ஆனா அந்தச் சுருவில் கிணத்துக்கு என்ன நடந்தது? ரெண்டு பாகத்துக்குக் கீழ உப்பு எண்டு சொல்லிப்போட்டு அம்மான்ர கதைக்குப் போயிட்டீங்கள். இஞ்ச எல்லாரும் கேக்கினம்."

பக்கத்து வீட்டு அக்காமார் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழும்பிப் போனார்கள். நல்ல மனிதர்கள். அம்மா என் பக்கம் திரும்பினா.

"படிப்பை விடப்போறியோ?"

"உங்களை ஆர் பாக்கிறது?"

"விசரி. நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா நீ எனக்குப் பக்கத்தில வந்து குந்திக்கொண்டிருப்பாய், படிப்புக் கெடும் எண்டுதானே இவ்வளவு நாளும் பொறுத்தனான். உன்ர புத்தகம் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். நீ என்ர கண்ணுக்காக அதை விடுறியோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரே குசினியில் நாளுக்கு மூன்று வேளை ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் கெட்டுப்போகத் தயாராக இருந்திருக்கிறோம். வாய் நீளம் என்று பெயர் எடுத்த நானும் இதைக் கேட்கவில்லை.

அடுத்த மாதமே ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன் நடந்தது. எட்டு நாள் வார்ட்டில் அம்மாவின் கட்டிலருகே இருந்தேன். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மா, "எழுதுறியோ, சும்மா இருக்கிறியோ?" என்று மணிக்கு ஒருமுறை கேட்டா. அங்கே மடியில் வைத்து எழுதியதுதான் மூன்றாம் அத்தியாயம்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை இரண்டு கசெற்றுகள் போயின. அம்மாவின் கடிதத்தில் ஆட்டுக் கதைகள். என் கசெற்றில் ஆய்வுக் குறிப்பும், அதன் சாட்டில் வீட்டுக் கதை முழுவதும். தம்பி அங்கே ஒரு கொப்பியில் அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்து வைத்திருந்தான். "போன கசெற்றில அட்டவணை முடிஞ்சுது எண்டீங்கள். இந்தக் கசெற்றிலயும் அதையேதான் முடிக்கிறீங்கள். என்ன விளையாட்டு?" என்று ஒருமுறை விழுந்த ஏச்சு, மேற்பார்வையாளர்கூட ஏசாத ஏச்சு. அவனோடு அறையில் இருந்த ஐந்து பேரும், கரம்பனோ காரைநகரோ எல்லோரும் தீவுப்பகுதிக்காரர், தங்கள் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேள்வி சொல்லி அனுப்பினார்கள். அதில் இரண்டு கேள்விகள் உண்மையிலேயே ஆய்வுக்குப் பயன்பட்டன.

மார்கழியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள். நன்றியுரையில் துறையினர், மேற்பார்வையாளர், அம்மா, தண்ணீர் அள்ளித் தந்த பெண்கள், வள்ளக்காரர் எல்லோரையும் எழுதினேன். தம்பிக்கு ஒரு தனிப் பந்தி. அதை அப்படியே கசெற்றில் வாசித்து அனுப்பினேன். துள்ளுவான் என்று நினைத்தேன்.

பதிலில் முதலில் ஆறு பேரும் கைதட்டுகிற சத்தம். பிறகு அவன் மற்றவர்களை வெளியே போகச் சொல்வதும் கதவு சாத்துவதும் கேட்டது.

"அக்கா, முடிச்சது நல்ல சந்தோசம். ஆனா இனி வீட்டில என்ன நடக்குது எண்டு எனக்கு ஆர் சொல்லப் போறது? வேற ஏதும் ஒரு ஆய்வு இருக்கோ எண்டு பாருங்கோவன். சின்னனா எண்டாலும் போதும்."